கறிக்கடையிலிருந்து ஒரு கீரைப் பொடி

பிப்ரவரி 4

மிளகு,

போனில் பேசினால் நீ பாதியில் வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. வைத்தாலும் மீதி மேசைமேல் கிடந்து உன்னையே பார்த்துக்கொண்டிருக்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

நேற்றுக் காலை கடை திறக்கப் போனேன். ஷட்டரில் பசை காயாமல் ஒரு தாள். டியூஷன் விளம்பரமாக இருக்கும், கிழித்துப் போடலாம் என்று கை வைத்தால் கீழே உன் பெயர். பெயருக்குப் பக்கத்தில் 'மருத்துவமனை ஆய்வகப் பணியாளர்' என்று வேறு. அடடே, நம் பெண் ஏதோ நல்லது எழுதியிருக்கிறாள் என்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஷட்டரைக்கூடத் தூக்காமல் நின்றபடியே படித்தேன்.

"கத்தி பிடித்தவன் கை முதலில் நடுங்கும். பிறகு நடுங்காது. நடுங்காத கைக்கு உரியவன் மனம் மரத்துப் போனவன். அவனிடம் இறைச்சி வாங்குகிறவர்கள் அந்த மரத்த மனத்தையும் சேர்த்தே வாங்கிப் போகிறார்கள்."

நல்ல நடை. பள்ளிக்கூடக் கட்டுரைப் போட்டியில் கோப்பை வாங்கினவள் அல்லவா! அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பத்து வருஷம் உன்னைச் சைக்கிளில் வைத்து மிதித்ததும் இந்த மரத்த மனம்தான்.

பக்கத்துத் தையல்காரர் எட்டிப் பார்த்தார். "என்னண்ணே, உங்க பொண்ணு உங்களையே நல்லா வாரிடுச்சு போல?" என்றார். "அது வேற யாரோ, பேரு ஒண்ணா இருக்கு" என்று சொல்லிவிட்டேன். முப்பத்தாறு வருஷத்தில் எடையில் ஒரு கிராம் ஏமாற்றாதவன், என் மகளை என் மகள் இல்லை என்று பொய் சொன்னேன். இதற்குத்தான் முதல் கோபம்.

என் கை ஏன் நடுங்குவதில்லை என்று உனக்குத் தெரியுமா? தெரியாது, கேட்டதே இல்லை. கை நடுங்கினால் அந்த உயிருக்கு இரண்டாவது வெட்டு விழும். அது கூடாது என்றுதான் உயிரைத் தொடுவதற்கு முன்னால் இரண்டு வருஷம் வாழைத்தண்டை வெட்டிப் பழகினேன். பையில் சுற்றிக்கொடுத்ததை வாங்கி ஃப்ரிட்ஜில் திணிக்கிறவன் அதன் கண்ணைப் பார்ப்பதில்லை. நான் தினமும் பார்க்கிறேன். பார்க்கிறவன் கல்நெஞ்சன், பார்க்காதவன் இளகிய மனசுக்காரன். எந்த ஊர் நியாயம் இது?

இன்னொன்று. நீ கறி சாப்பிடாமல் போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. சாப்பிடு என்று கடைசியாக எப்போது சொன்னேன்? யோசித்துப் பார்.

இதை முடித்து உறையில் போடப் போனேன். மாப்பிள்ளை போன் செய்தார். நீ ஐந்து மாதமாம். உன் ரத்தம் எட்டு புள்ளி ஒன்பதுதானாம். ஐந்து மாதம்! ஆட்டை விலை பேச வருகிற தரகனிடம்கூட அது சினையா இல்லையா என்று கேட்கிற எனக்கு, என் மகள் விஷயம் ஐந்து மாதம் கழித்துத் தெரிகிறது.

தாளைக் கிழிக்கவில்லை. மடித்து வைத்திருக்கிறேன்.

அப்பா

*

பிப்ரவரி 13

அப்பா,

உங்களைப் பற்றி எழுதவில்லை என்றுதான் இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன். எழுதி, அடித்துவிட்டேன். அது பொய். எனக்கு நெருக்கத்தில் தெரிந்த கத்தி பிடித்த கை ஒன்றே ஒன்றுதான்.

ஆனால் உங்கள் ஷட்டரில் ஒட்டச் சொன்னது நான் இல்லை. எங்கள் சைவ உணவு மன்றத்தில் இரண்டாயிரம் தாள் அச்சடித்தார்கள். எந்த ஊருக்கு எத்தனை போனது என்றுகூட எனக்குத் தெரியாது.

ஒரே வெட்டு, ஒரே வெட்டு என்று நீங்கள் பெருமைப்படுவதைக் கேட்டுத்தான் வளர்ந்தேன். அந்த ஒரு வெட்டும் எனக்கு வேண்டாம் என்று அந்த ஆடு சொன்னால் உங்கள் பதில் என்ன? நன்றாகக் கொல்கிறீர்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கொல்லாமலே சாப்பிட வழி இருக்கும்போது நன்றாகக் கொல்வதில் என்ன பெருமை இருக்கிறது? கண்ணைப் பார்க்கிறேன் என்கிறீர்கள். பார்த்துவிட்டும் வெட்டுகிறீர்களே அப்பா! எனக்கு அதுதான் இன்னும் புரியவில்லை.

சாப்பிடு என்று கடைசியாக எப்போது சொன்னேன் என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்லவில்லைதான். சொல்லாமலே செய்தீர்கள். எனக்குப் பதினைந்து வயது. நான் நிறுத்தி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நாலு மாதம் தினமும் எனக்குத் தனியாகப் பருப்பு வைத்தீர்கள். "அப்பா, இப்பல்லாம் பருப்பு சூப்பரா இருக்கு, என்ன போடுறீங்க?" என்று கேட்டேன். "பாசம்" என்றீர்கள். அப்போது அம்மா இருந்தாள், வாயை மூடிச் சிரித்தாள். ஒருநாள் கரண்டியில் என் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு எலும்புச் சில்லு வந்தது. நாலு மாதம் எலும்பு வேகவைத்த தண்ணீரைத்தான் குடித்திருக்கிறேன். குளியலறையில் நான் வாந்தி எடுத்தபோது நீங்கள் வெளியே நின்று, "உன் நல்லதுக்குத்தானே செஞ்சேன்" என்றீர்கள். பிறகு கதவைத் திறந்து, இனிமேல் எனக்குத் தெரியாமல் என் தட்டில் எதையும் வைக்க மாட்டேன் என்று என் தலையில் கை வைத்துச் சொன்னீர்கள்.

கர்ப்பம் என்று ஏன் சொல்லவில்லை என்றால் இதனால்தான். சொன்ன அன்றே ஈரல் என்பீர்கள். மறுநாளும் ஈரல் என்பீர்கள். எனக்கு என்ன குறை? பருப்பு, பயறு, கீரை, எள், பால், எல்லாம் சாப்பிடுகிறேன். இரும்பு மாத்திரை வயிற்றைப் பிசைகிறது, அதனால் ஒன்றுவிட்டு ஒருநாள் போடுகிறேன். ஊருக்கெல்லாம் ரத்தம் எண்ணிச் சொல்கிற இயந்திரத்தை இயக்குகிறவள் நான். என் ரத்தத்தை எனக்குப் பார்த்துக்கொள்ளத் தெரியும்.

அந்த வரி உங்களைப் புண்படுத்தியிருந்தால் வருத்தம்தான். ஆனால் வாபஸ் வாங்க மாட்டேன்.

மிளகு

*

பிப்ரவரி 24

மிளகு,

"புண்படுத்தியிருந்தால்" என்று எழுதியிருக்கிறாய். இருந்தாலா? சரி விடு, அதை அப்புறம் பேசலாம்.

எலும்புத் தண்ணீர் வைத்தது தப்பு. அன்றைக்கே ஒத்துக்கொண்டேன், இன்றைக்கும் ஒத்துக்கொள்கிறேன். அதை இன்னொரு முறை எழுதாதே.

ஈரல் என்று இந்தக் கடிதத்தில் ஒரு தடவைகூட எழுதப் போவதில்லை என்று நினைத்தேன். எழுதிவிட்டேன். இத்தோடு சரி.

போன செவ்வாய்க்கிழமை கடைக்கு லீவு விட்டுவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போனேன். அங்கே சாப்பாட்டு ஆலோசனை சொல்லும் ஒரு அம்மா உட்கார்ந்திருக்கிறார். வரிசை முழுக்க வயிற்றுப் பிள்ளைக்காரிகள். நடுவில் மீசையோடு நான் ஒருத்தன். ஒரு பெண் எழுந்து, "தாத்தா, உக்காருங்க, உங்களுக்கு எத்தனை மாசம்?" என்றாள். வரிசையே சிரித்தது. நானும் சிரித்தேன், வேறு என்ன செய்ய? என் முறை வந்ததும் அந்த ஆலோசனை அம்மாவிடம், "என் மக கறி தொடமாட்டா. தொடச் சொல்லி நான் வரலை. தொடாமலே ரத்தம் ஏற வழி சொல்லுங்க" என்று கேட்டேன். அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒருமாதிரி பார்த்தார். "நீங்க என்ன வேலை?" என்றார். சொன்னேன். மறுபடியும் பார்த்தார்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். கீரையிலும் பயறிலும் இரும்பு இருக்கிறது, ஆனால் உடம்பு அதைச் சுலபத்தில் எடுத்துக்கொள்ளாது. புளிப்பு சேர்ந்தால் எடுத்துக்கொள்ளும். எலுமிச்சை பிழிந்துகொள். சாப்பாட்டோடு டீ குடித்தால் வருகிற இரும்பையும் டீ தடுத்துவிடும். நீ காலையில் ஒன்று, சாப்பாட்டுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, சும்மா ஒன்று என்று குடிப்பவள். டீயைச் சாப்பாட்டிலிருந்து இரண்டு மணி நேரம் தள்ளி வை. அப்புறம் பி12 என்று ஒரு சத்து. அது செடிகொடியில் கிடையவே கிடையாதாம். பாலில் இருக்கிறதாம், ஆனால் உனக்கு இப்போது அது காணாதாம். மாத்திரை போட்டே ஆக வேண்டுமாம். உன் தாளில் 'சைவ உணவில் இல்லாத சத்தே இல்லை' என்று எட்டாவது வரியில் இருக்கிறது. அந்த அம்மாவிடம் காட்டினேன். "உங்க மகளைக் கொஞ்சம் நேர்ல வரச் சொல்லுங்க" என்றார்.

இதோடு ஒரு டப்பா பொடி அனுப்பியிருக்கிறேன். கீரைப் பொடி. தினம் இரண்டு கரண்டி, சோற்றிலோ மோரிலோ கலந்து சாப்பிடு. என்னென்ன போட்டேன் என்று எழுதவில்லை. எழுதினால் ஒவ்வொன்றுக்கும் என்னோடு வாதாட ஆரம்பிப்பாய். சாப்பிடு, அவ்வளவுதான்.

அப்பா

*

மார்ச் 12

அப்பா,

பதினொரு நாள் சாப்பிட்டேன். எலுமிச்சை பிழிந்து, நீங்கள் சொன்னபடி சாப்பிட்டேன். நீங்கள் கர்ப்பிணிகள் வரிசையில் நின்றதை நினைத்து ஒருநாள் அழவும் செய்தேன்.

பன்னிரண்டாம் நாள் டப்பாவின் அடியில் பார்த்தேன். கருஞ்சிவப்பாகத் துணுக்குகள். கீரைக்கு ஏது சிவப்பு? என்னென்ன போட்டேன் என்று எழுத மாட்டேன் என்றீர்களே, அது அப்போது உறைத்தது. 'பாசம்' என்று சொன்ன அதே வாய்தானே?

ஆய்வகத்துக்கு எடுத்துப் போனேன். மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கிறதா என்று பார்க்க எங்களிடம் ஒரு தாள் உண்டு. தடவி, இரண்டு சொட்டு மருந்து விட வேண்டும். ரத்தம் இருந்தால் நீலமாகும். உங்கள் பொடியைத் தண்ணீரில் குழைத்துத் தடவினேன். மருந்து விட்டேன். அரை நிமிஷத்தில் நீலம். வெளிர் நீலம்கூட இல்லை, மை கொட்டின மாதிரி நீலம். நம்பாமல் இன்னொரு தாள் எடுத்தேன். அதுவும் நீலம்.

ரத்தத்தைக் காயவைத்துப் பொடித்துக் கீரையில் கலந்து அனுப்பியிருக்கிறீர்கள். என் தலையில் கை வைத்துச் சொன்னவர்! இந்தத் தடவை என் வாயில் மட்டும் இல்லை, என் வயிற்றில் இருப்பதன் வாயிலும் சேர்த்து ஊட்டிவிட்டீர்கள். கர்ப்பிணிகள் வரிசையில் நின்றீர்களா, அதுவும் கதையா? மீசை, தாத்தா, பேனா, எல்லாம் எவ்வளவு அழகாக ஜோடித்து எழுதியிருக்கிறீர்கள்!

பொடியைக் கொட்டிவிட்டேன். டப்பாவையும் போட்டுவிட்டேன்.

பிரசவத்துக்கு நீங்கள் வர வேண்டாம். குழந்தையைப் பார்க்கவும் வர வேண்டாம். உங்கள் கையால் ஒரு வாய் சோறுகூட அது சாப்பிடாது. மனம் மரத்துப் போனவன் என்று எழுதியதற்கு வருத்தப்பட்டேன் என்றேன் அல்லவா, அந்த வருத்தத்தைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன்.

மிளகு என்று இனிக் கூப்பிடாதீர்கள்.

*

மார்ச் 21

மகளுக்கு,

பதில் எழுதக் கூடாது என்றுதான் ஒரு வாரம் இருந்தேன். கடையில் கை ஓடவில்லை. வாடிக்கையாளர் ஒருவர், "என்ன, கையில வேகமே இல்லையே இன்னைக்கு, உடம்பு சரியில்லையா?" என்றார். ஆமாம் என்றேன்.

இப்போது எழுதுகிறேன். உன்னைச் சமாதானப்படுத்த இல்லை. என்மேல் ஒரு கெட்ட பெயர் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விடுகிறவன் நான் இல்லை, அதற்காக.

அந்தப் பொடியில் என்ன இருந்தது என்று கேட்டுக்கொள். முள்ளங்கிக் கீரை நாலு பங்கு. பீட்ரூட்டின் மேலிலை ஒரு பங்கு, அதன் காம்பு சிவப்பு. உன் கருஞ்சிவப்புத் துணுக்கு அதுதான். கறுப்பு எள் அரைப் பங்கு. கொஞ்சம் உப்பு. முடிந்தது.

இன்னும் சொல்கிறேன், கேள். என் கடையில் ஒன்பது கத்தி இருக்கிறது. ஒன்றையும் தொடவில்லை. கீரை நறுக்க ஒரு புதுக் கத்தி வாங்கினேன். புதுக் கத்தியைக்கூட என் வீட்டில் வைக்கவில்லை, கறித் துணி பட்டுவிடும் என்று. பின்தெருக் கணக்கு டீச்சர் இருக்கிறாரே, உனக்குப் பின்னம் சொல்லித் தந்தவர், அவர் வீட்டு மாடியில் வைத்துத்தான் எல்லாம் செய்தேன். அவர் கறி தொடாதவர். வெயில் பட்டால் சத்துப் போய்விடும், நிழலில் காயவைங்க என்றார். ஆறு நாள் நிழலில் காயவைத்தேன். காற்றில் பறக்காமல் உட்கார்ந்து காவல் காத்தேன். குளித்து, கடைச் சட்டையை மாற்றிக்கொண்டுதான் ஒவ்வொரு நாளும் அந்த மாடிப்படி ஏறினேன். "இவ்வளவு எதுக்கு? கைய கழுவுனா போதாதா?" என்று டீச்சர் கேட்டார். "அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கேன் டீச்சர்" என்றேன். பொடித்தது அவர் மிக்சியில். வேண்டுமானால் அவரிடம் கேள். உன் அப்பனை நம்பாதே, கணக்கு டீச்சரை நம்பு.

நீலமாம்! ஒரு தாள் நீலமாகிவிட்டதாம்! இருபத்தாறு வருஷம் உன்னைத் தோளில் சுமந்தவனை ஒரு தாள் ஒரு நிமிஷத்தில் தள்ளிவிட்டதாம்! அந்தத் தாள் என்ன கடவுளா?

ரத்தத்தைக் காயவைத்துப் பொடித்து என்று எழுதியிருக்கிறாய். ரத்தத்தைப் பற்றி ஒன்று சொல்கிறேன். இதுவரை உனக்குச் சொன்னதில்லை. நீ பிறந்த அன்று உன் அம்மாவுக்கு ரத்தம் நிற்கவில்லை. ஒரு பாட்டில் வேண்டும் என்றார்கள். என் ரத்தம் சேர்ந்தது. தினமும் ரத்தத்தில் நிற்கிறவன்தானே என்று தைரியமாகப் படுத்தேன். என் கையிலிருந்து அது குழாயில் ஏறுவதைப் பார்த்ததும் மயங்கி விழுந்தேன். நர்ஸ் முகத்தில் தண்ணீர் தெளித்து, "கறிக்கடைக்காரர்னு சொன்னாங்க?" என்று சிரித்தாள். எட்டு புள்ளி ஒன்பது என்று மாப்பிள்ளை சொன்னபோது எனக்கு அந்தக் கட்டில்தான் ஞாபகம் வந்தது. உன் அம்மாவின் உதடு வெள்ளையாக இருந்தது ஞாபகம் வந்தது. அந்தப் பயத்தில்தான் வரிசையில் நின்றேன். மரத்த மனத்துக்குப் பயம் வராது, எனக்கு வந்தது.

வர வேண்டாம் என்றாய். வர மாட்டேன். உன் வீட்டு வாசலில் வந்து கெஞ்சிக்கொண்டு நிற்பேன் என்று நினைக்காதே.

மாத்திரையைத் தினம் போடு. டீயைத் தள்ளி வை. என்மேல் உள்ள கோபத்தை அதில் காட்டாதே.

*

ஏப்ரல் 3

அப்பா,

உங்கள் கடிதத்தில் 'முள்ளங்கிக் கீரை' என்ற இடத்துக்கு வந்ததும் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். அதற்கு மேல் படிக்க முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். உங்கள் மாப்பிள்ளை பயந்து தண்ணீர் கொண்டுவந்தார்.

அந்தப் பரிசோதனைக்கு வருகிறவர்களிடம் நான் தினமும் ஒரு பாடம் ஒப்பிப்பேன். எத்தனை வருஷமாகச் சொல்கிறேன் என்று எனக்கே தெரியாது. "மூணு நாளைக்குக் கறி சாப்பிடாதீங்க, முள்ளங்கி சாப்பிடாதீங்க, காலிஃபிளவர் சாப்பிடாதீங்க. சாப்பிட்டா ரத்தம் இல்லாமலே தாள் நீலமாகிடும்." பச்சை முள்ளங்கியில் இருக்கிற ஒரு பொருள், ரத்தம் செய்கிற வேலையை அந்தத் தாளில் செய்துவிடும். வேகவைத்தால் அது போய்விடும். நீங்கள் வேகவைக்கவில்லை, வெயிலில்கூட வைக்கவில்லை. சத்துப் போகக் கூடாது என்று நிழலில் காயவைத்தீர்கள். நீங்கள் பார்த்துப் பார்த்துச் செய்ததுதான் அந்தத் தாளை நீலமாக்கியிருக்கிறது.

காய்கறிக் கடைக்குப் போய் ஒரு கட்டு முள்ளங்கிக் கீரை வாங்கிவந்தேன். கசக்கித் தடவினேன். அதே நீலம். அந்தத் தாளை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். நீங்கள் நம்ப வேண்டும் என்பதற்கு இல்லை. என் முட்டாள்தனத்துக்கு ஒரு அத்தாட்சி உங்களிடம் இருக்கட்டும்.

ஒரு நாளைக்கு நாற்பது பேருக்குச் சொல்கிற பாடம் அப்பா! உங்கள் டப்பாவைத் திறந்தபோது மட்டும் மறந்துவிட்டது. மறந்துவிட்டதா, வேண்டாம் என்று விட்டேனா என்று எனக்கே தெரியவில்லை. தாள் நீலமாக வேண்டும் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. நீங்கள் தப்பு செய்தால் நான் எழுதிய வரி சரியாகிவிடும் அல்லவா? மன்னித்துவிடுங்கள்.

நேற்று ரத்தம் பார்த்தேன். எட்டு புள்ளி ஆறு. குறைந்திருக்கிறது. ஏழுக்கு இறங்கினால் பிரசவத்துக்கு முன்பே ரத்தம் ஏற்ற வேண்டி வரும் என்று டாக்டர் சத்தம் போட்டார். "நீயே லேப்ல இருந்துக்கிட்டு இப்படிப் பண்ணலாமா?" என்றார். பி12-ம் பார்க்கச் சொன்னார். அதுவும் குறைவு. அந்த மாத்திரையைப் போன வருஷமே எழுதிக் கொடுத்திருந்தார்கள். போடவில்லை. சைவத்தில் எல்லாச் சத்தும் இருக்கிறது என்று மேடை ஏறிப் பேசியவள் மாத்திரை விழுங்கினால் என்ன ஆகும் என்று வீம்பு. கொள்கைக்காக என்று நினைத்துக்கொண்டேன். இல்லை, வெறும் வீம்புதான். இப்போது இரண்டு மாத்திரையும் தினம் போடுகிறேன். டீ சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்துத்தான்.

மன்றத்தில் அந்தத் தாளை மறுபடி அச்சடிக்கிறார்கள். இரண்டு இடத்தை மாற்றச் சொன்னேன். எட்டாவது வரியை எடுத்துவிட்டு, 'பி12 செடியில் இல்லை, மாத்திரை போடுங்கள், வெட்கப்படாதீர்கள்' என்று போட்டிருக்கிறேன். நடுங்காத கை என்ற வரி முழுவதையும் எடுத்துவிட்டேன். மன்றத் தலைவர் ஒத்துக்கொள்ளவில்லை. "அதுதானேம்மா நல்லா இருக்கு, எல்லாரும் பாராட்டுறாங்க" என்றார். "அந்தக் கை யாருதுன்னு எனக்குத் தெரியும் சார், உங்களுக்குத் தெரியாது" என்றேன். வரியை எடுத்துவிட்டார்.

மீதி எதையும் எடுக்கவில்லை. உயிரைக் கொல்வது தப்பு என்று நான் இன்னும் நினைக்கிறேன். அதை உங்களுக்காக மாற்ற முடியாது அப்பா. மாற்றச் சொல்லி நீங்களும் கேட்க மாட்டீர்கள் என்று இப்போது தெரிகிறது. மன்னித்துவிடுங்கள். புதுத் தாள் ஒன்று வைத்திருக்கிறேன்.

பொடி வேண்டும். நீங்களும் வேண்டும். ஜூன் முதல் வாரம் என்று சொல்லியிருக்கிறார்கள். வாங்க அப்பா. மன்னித்துவிடுங்கள்.

மிளகு

*

ஏப்ரல் 12

மிளகு,

மன்னித்துவிடுங்கள் என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறாய். மூன்றையும் படித்தேன். கோபம் போகவில்லை.

சந்தேகப்பட்டதற்கு என்று நினைக்காதே. ஒருதரம் எலும்புத் தண்ணீர் ஊற்றினவனை மறுதரம் சந்தேகப்படத்தான் செய்வார்கள், அது நான் சம்பாதித்தது. தாள் பொய் சொன்னதற்கும் இல்லை. என் கோபம் வேறு. தாளிடம் கேட்டாய். சொட்டு மருந்திடம் கேட்டாய். இன்னொரு தாள் எடுத்து மறுபடி கேட்டாய். "அப்பா, இதுல என்ன போட்டீங்க?" என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே! கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். திட்டிக்கொண்டே சொல்லியிருப்பேன், ஆனால் சொல்லியிருப்பேன். மூன்று வாரம் பொடி இல்லாமல் உன் ரத்தம் இறங்கியதற்கு அந்த ஒரு வார்த்தைதான் காரணம்.

சரி, நானும் எழுதியிருக்க வேண்டும். எழுதினால் வாதாடுவாய் என்று வாயை மூடிக்கொண்டேன். உனக்கு வீம்பு எங்கிருந்து வந்தது என்று மாப்பிள்ளை இனி யாரையும் கேட்க வேண்டாம்.

பொடி அனுப்பியிருக்கிறேன். டப்பாமேல் என்னென்ன, எவ்வளவு என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். கீழே கணக்கு டீச்சர் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். பத்திரம் பதிவது மாதிரி இருக்கிறது என்று அவருக்கு ஒரே சிரிப்பு. இந்தத் தடவை முள்ளங்கிக் கீரை கிடையாது.

நீ அனுப்பிய புதுத் தாளை மூன்று தடவை படித்தேன். அந்த வரி இல்லாமல் நடை கொஞ்சம் சப்பென்று இருக்கிறது. பரவாயில்லை. பசை காய்ச்சி, என் ஷட்டரிலேயே, முன்பு ஒட்டியிருந்த அதே இடத்தில் நானே ஒட்டினேன். தையல்காரர் ஓடிவந்து, "அண்ணே, உங்களுக்கு என்ன ஆச்சு? கறிக்கடையில கறி சாப்பிடாதேன்னு ஒட்டுறீங்க?" என்றார். "படிச்சிட்டு வாங்குறவன் வாங்கட்டும். எதை வாங்குறோம்னு தெரிஞ்சு வாங்கட்டும். எழுதினது என் மக" என்றேன். போன தடவை வேற யாரோ என்று சொன்னதையும் அவரிடம் ஒத்துக்கொண்டேன். உன் கருத்தோடு எனக்கு இன்னும் சண்டை இருக்கிறது, அதை நேரில் வைத்துக்கொள்ளலாம். அந்த ஆடு வேண்டாம் என்று சொன்னால் என் பதில் என்ன என்று கேட்டாயே, அதற்கு மட்டும் இன்னும் பதில் கிடைக்கவில்லை. யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

மே கடைசியில் வருகிறேன். கடைக்கு ஒரு மாதம் லீவு. என் ரத்தத்தையும் ஒருதரம் பார்த்து வை, உனக்குச் சேருமா என்று. சேர்ந்தால் தேவைப்படும்போது கொடுப்பேன். மயங்கி விழுந்தால் சிரிக்கக் கூடாது.

வருவதற்கு ஒரு நிபந்தனை. வந்த அன்று முதல் சாப்பாடு உன் வீட்டில்தான். உன்னால் நிற்க முடியாவிட்டால் மாப்பிள்ளை சமைக்கட்டும். நீ என் தட்டில் எதை வேண்டுமானாலும் போடு. இது என்ன, அது என்ன, எதில் செய்தது என்று நான் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். உட்கார்ந்து சாப்பிடுவேன்.

நீ எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொள், எப்படிச் சாப்பிடுவது என்று.

உன் அப்பா